‘பழைய’ என்று ஒரு சொல்: டாரில் ஃபைல்களை வடிகட்டுவது எப்படி

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் மொரீஷியஸுக்கு வந்தபோது போர்ட் லூயி தெருக்களில் கார்களைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது நினைவிருக்கும். எங்கள் வீட்டில் முழங்கால் அளவுதான் தண்ணீர், ஆனால் கோவில் ஃபைல்கள் இருந்த கம்ப்யூட்டர் தரையில் நின்றது. நான் பதறவில்லை. முந்தின நாளே எல்லாவற்றையும் டாரில் (பல ஃபைல்களை ஒரே கட்டாகச் சேர்க்கும் கட்டளை) கட்டி வெளி டிஸ்க்கில் போட்டு, அதை அலமாரி மேல் வைத்திருந்தேன். பத்து நாளில், 25ஆம் தேதி, தைப்பூசக் காவடி. நாலைந்து வருஷம் முன்னால் ஒலிப்பதிவு செய்த காவடிச் சிந்து வேண்டும் என்று ஒரு பெரியவர் கேட்டார். கட்டைப் பிரித்துப் பார்த்தால் அந்த ஃபோல்டரே இல்லை.

தவறு டாருடையது அல்ல, என்னுடையதுதான். மேல்மட்டத்தில் ‘பழைய’ என்று ஒரு ஃபோல்டர், போனிலிருந்து கொட்டிய குப்பை, அது வேண்டாம் என்று நினைத்து இப்படிக் கொடுத்திருந்தேன் (இங்கே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்):

டார் -சிஎஃப் கட்டு.டார் --எக்ஸ்க்ளூட்='பழைய' கோவில்

எக்ஸ்க்ளூட் என்றால் ‘விலக்கு’. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனு டாரில் எக்ஸ்க்ளூடுக்குக் கொடுக்கும் வடிவம், அதாவது பெயர் மாதிரி, பாதையின் தொடக்கத்தில்தான் பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எந்தச் சாய்கோட்டுக்குப் பிறகும் பொருந்தலாம். அதனால் கோவில்/பழைய போனது, கூடவே கோவில்/வகுப்பு/பழைய என்பதும் போனது. ஒலிப்பதிவுகள் அங்கேதான் இருந்தன. ஒரு ஃபோல்டர் பொருந்திவிட்டால் டார் அதற்குள் எட்டிக்கூடப் பார்க்காது, மொத்தமாக விட்டுவிடும், ஒரு வார்த்தை சொல்லவும் சொல்லாது.

சரி செய்வது சுலபம். --எக்ஸ்க்ளூட்='கோவில்/பழைய' என்று முழுப் பாதையைக் கொடுத்தாலே பெரும்பாலும் போதும். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் அதற்கு முன்னால் --ஆங்கர்ட் சேர்த்தால், வடிவம் பாதையின் முதல் எழுத்திலிருந்து பொருந்தியாக வேண்டும். ‘முன்னால்’ என்பதைக் கவனியுங்கள், பின்னால் போட்டால் ஏற்கெனவே கொடுத்த வடிவத்துக்கு அது பொருந்தாது. அதேபோல எக்ஸ்க்ளூட் எல்லாமே கட்ட வேண்டிய ஃபோல்டரின் பெயருக்கு முன்னால் வரட்டும்.

இங்கே ‘பாதை’ என்றால் கட்டுக்குள் பதியப்படும் பாதை. நீங்கள் ./கோவில் என்று கொடுத்துக் கட்டினால் உள்ளே எல்லாப் பெயரும் ./ என்றுதான் தொடங்கும், அப்போது ஆங்கர்ட் போட்ட 'கோவில்/பழைய' எதிலும் ஒட்டாது. கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு 'கோவில்/பழைய/' என்று எழுதும் பழக்கமும் வேண்டாம், குனு டாரில் அது பொருந்தாமல் போய் ஃபோல்டர் முழுதாகக் கட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃபோல்டர் மட்டும் காலியாக இருக்கட்டும், உள்ளே இருப்பது வேண்டாம் என்றால் 'கோவில்/பழைய/*'.

எந்த எழுத்துக்கும், எத்தனை எழுத்துக்கும் பொருந்தும் அந்த நட்சத்திரமும் நினைப்பதைவிட நீளமாகக் கை நீட்டும். எக்ஸ்க்ளூடில் * என்பது சாய்கோட்டையும் தாண்டும், ஆகவே 'கோவில்/*.எம்பி4' என்றால் அடியில் எத்தனை ஃபோல்டர் ஆழத்தில் இருந்தாலும் எல்லா வீடியோவும் போய்விடும். மேல்மட்டத்து வீடியோ மட்டும் போக வேண்டுமா, --நோ-வைல்ட்கார்ட்ஸ்-மேட்ச்-ஸ்லாஷ் என்ற நீண்ட வாலை முன்னால் போடுங்கள். பெரிய எழுத்தில் ஜேபிஜி, சின்ன எழுத்தில் ஜேபிஜி என்று இரண்டு விதமாகவும் கேமராக்கள் பெயர் வைக்கும், அதற்கு --இக்னோர்-கேஸ்.

மேற்கோள் குறியை விடாதீர்கள். --எக்ஸ்க்ளூட் *.எம்பி4 என்று இடைவெளி விட்டு, குறி இல்லாமல் எழுதினால், நட்சத்திரத்தை ஷெல் (நாம் தட்டும் கட்டளையை முதலில் படிக்கும் நிரல்) தானே ஃபைல் பெயர்களாக விரித்துவிடும். நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் மூன்று வீடியோ இருந்தால் முதல் வீடியோ மட்டும் விலக்கப்படும், மீதி இரண்டும் ‘இவற்றையும் கட்டு’ என்று டாருக்குப் போய்ச் சேரும். கேட்டதற்கு நேர் எதிர்!

இனி நம் எழுத்துக்கே உரிய தலைவலி. ஃபைல் பெயரைத் தமிழில் வைப்பவர்கள் இங்கே குறைவுதான், பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுப்பவன் என்பதால் எனக்கு அது ஒரு பிடிவாதம். ? என்ற குறி ஓர் எழுத்துக்குச் சமம் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். ஆனால் நாம் எழுத்து என்று நினைப்பதும் கம்ப்யூட்டர் எழுத்து என்று நினைப்பதும் வேறு. ‘பா’ நமக்கு ஓர் எழுத்து, அதற்கு இரண்டு: ப ஒன்று, கால் ஒன்று. அதனால் '?ட்டு' என்ற வடிவம் ‘பாட்டு’ என்ற பெயரைப் பிடிக்காது, '??ட்டு' பிடிக்கும். அதே கட்டளையை இரவில் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் நிரல்) ஓட்டினால் இதுவும் சிலசமயம் தப்பும். அங்கே மொழி அமைப்பு யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் பதியும் முறை) ஆக இல்லாவிட்டால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாக எண்ணப்படும். பட்டியலில் தமிழ்ப் பெயருக்குப் பதில் \340\256 என்று எண்களாக வந்தால் காரணம் இதுதான் என்று புரிந்துகொள்ளலாம். நான் தமிழ்ப் பெயர்களில் ? போடுவதையே விட்டுவிட்டேன், * மட்டும்தான்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. ‘கோ’வில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று பிரித்து இரண்டு குறியாகவும் வைக்கலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறையில் அமைந்த பழைய மேக் டிஸ்க் பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும். அதிலிருந்து வந்த ‘கோவில்’ ஃபோல்டரை நீங்கள் கீபோர்டில் தட்டிய ‘கோவில்’ பிடிக்காது. பிரெஞ்சில் ஈ எழுத்தின் தலையில் கோடு வருகிற பெயர்களுக்கும் இதே கதிதான், நம் ஊரில் அப்படிப்பட்ட பெயருக்கா பஞ்சம். சந்தேகமான இடத்தில் 'க*வில்' என்று எழுதிவிடுங்கள்.

வேண்டாதவை நிறைய இருந்தால் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஒன்றாக எழுதி, பெரிய எழுத்து எக்ஸ் போட்டுக் கொடுக்கலாம். என் பட்டியலில் முதல் வரி '*-டபிள்யூஏ[0-9]*', வாட்ஸ்அப் தானாக வைக்கும் பெயர்களைப் பிடிக்க. காலை வணக்கப் பூப்படங்கள் ஆயிரக்கணக்கில் ஒழிந்தன. பட்டியலுக்குள் மேற்கோள் குறி கூடாது, இங்கே காட்டியது கட்டளை வரிக்கு. வரிக் கடைசியில் இடைவெளி எதுவும் ஒட்டிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சரியாக எழுதினோமா என்று பார்க்க ஒரு வழி உண்டு, நான் அன்றைக்குச் செய்யாதது. கட்டாமலேயே பட்டியல் எடுப்பது:

டார் -சிவிஎஃப் /டெவ்/நல் --எக்ஸ்க்ளூட்='பழைய' கோவில் > விலக்கியது.டெக்ஸ்ட்

டெவ் நல் என்பது எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் வெற்றுக் குழி. வெளியீடு அதற்குப் போகிறது என்று தெரிந்தால் குனு டார் ஃபைலின் உள்ளடக்கத்தைப் படிக்காது, பெயர்களை மட்டும் அடுக்கும், அதனால் பெரிய டிஸ்க்கிலும் சீக்கிரம் முடியும். எக்ஸ்க்ளூட் இல்லாமல் இன்னொரு முறை ஓட்டி வேறு ஃபைலில் எடுங்கள், இரண்டையும் டிஃப் (இரு ஃபைல்களின் வித்தியாசத்தைக் காட்டும் கட்டளை) போட்டால் விட்டுப்போவது அத்தனையும் வரிவரியாக வந்து நிற்கும். வகுப்பு/பழைய அங்கேயே தெரிந்திருக்கும்.

பிரிக்கும்போது விதிகள் தலைகீழ். கட்டிலிருந்து எடுக்க நீங்கள் கொடுக்கும் பெயரைக் குனு டார் அப்படியே, தொடக்கத்திலிருந்து, நட்சத்திரத்தை நட்சத்திரமாகவே பார்க்கும். பாட்டுகளை மட்டும் எடுக்க --வைல்ட்கார்ட்ஸ் '*.எம்பி3' என்று சொல்ல வேண்டும். மேக்கில் உள்ள டார், விண்டோஸ் 10 முதல் கூடவே வரும் டார் இரண்டும் பிஎஸ்டி என்ற வேறு வகை, அவற்றுக்கு அந்தச் சொல் தேவையில்லை. முன் சாய்கோடு போட்டுக் கேட்காதீர்கள், கட்டும்போதே குனு டார் அதை நீக்கிவிட்டது.

ஜிப்பில் விலக்க சின்ன எக்ஸ், ஆனால் ஃபோல்டர் பெயர் மட்டும் போதாது, 'கோவில்/பழைய/*' என்றே கொடுக்க வேண்டும். செவன்-ஜிப்பில் எக்ஸுக்குப் பிறகு ஆர் சேர்த்தால் எல்லா ஆழத்திலும் தேடும், அதாவது என் விபத்தை அங்கேயும் அப்படியே செய்யலாம். அதில் *.* என்றால் ‘எல்லாம்’ என்று நினைக்காதீர்கள், புள்ளி வைத்த பெயர்கள் மட்டும்தான். எல்லாம் வேண்டுமென்றால் வெறும் *.

ஒலிப்பதிவில் பாதி ஓர் அண்ணனின் பென் டிரைவில் கிடைத்தது. அந்த ஃபோல்டருக்கு இப்போது ‘சிந்து’ என்று பெயர்.