இரவில் ஏ.எம். கேட்பவர்கள் கொழும்பில் விடும் தவறுகள்

2022 மின்வெட்டுக் காலத்தில் ஒரு நாள் இரவு, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி முழுவதும் இருண்டு கிடந்தது. பற்றரியில் ஓடும் சின்ன வானொலிப் பெட்டியை எடுத்து மத்திய அலையில், அதாவது பெட்டியில் ஏ.எம். என்று போட்டிருக்கும் இடத்தில், திருப்பினேன். வழக்கமாக இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்காத 1197 கிலோஹெர்ட்ஸில் திருநெல்வேலி வானொலி நிலையம் கேட்டது. அறிவிப்பாளர் மூச்சு எடுப்பதுகூடக் காதில் விழுந்தது. பிறகு நாதஸ்வரம். அது பாதியில் இருக்கும்போது கரண்ட் வந்தது. வந்த கணமே எல்லாம் இரைச்சலுக்குள் போய்விட்டது. நான் பெட்டியில் கை வைக்கவேயில்லை.

அன்றிலிருந்து "இப்ப ஏ.எம்.ல ஒண்டும் எடுபடாது" என்று யார் சொன்னாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் என்னென்ன ஓடுகிறது?

எல்.ஈ.டி. குமிழ்கள், தொலைபேசி சார்ஜர், மடிக்கணினி சார்ஜர், தொலைக்காட்சி எல்லாமே மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி எடுப்பவை. அந்த வெட்டில் பிறக்கும் அலைகள், 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள நமது மத்திய அலைக்குள் வந்து விழுகின்றன. இந்த இரைச்சலைக் கேட்டுவிட்டு, நிலையம் பலவீனம் என்றோ பெட்டி பழுது என்றோ முடிவு கட்டுவதுதான் மிகப் பெரிய தவறு. பெட்டியைப் பற்றரியில் போட்டு, நிலையம் எதுவும் கேட்காத ஓர் அலைவரிசையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் இரைச்சல் ஏறுகிறது என்று காதே சொல்லிவிடும். எங்கள் வீட்டில் அது குசினியில் இருந்த ஒரு மலிவான குமிழ். சார்ஜரில் தொலைபேசி இல்லாவிட்டாலும், அது பிளக்கில் இருந்தாலே போதும், இரையும். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் சத்தம் குறையவில்லையென்றால் அது பக்கத்து வீட்டுச் சத்தம். அப்போது ஜன்னலோரம் போங்கள், இல்லாவிட்டால் மொட்டைமாடிக்கு. கொங்கிறீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் வருகிற அலையையும் பாதி விழுங்கிவிடுகின்றன.

அடுத்தது, ஏரியலை முழு நீளத்துக்கு இழுத்துவிட்டுக் காத்திருப்பது. அந்த நீட்டுக் கம்பி பண்பலைக்கும் சிற்றலைக்கும் உரியது. மத்திய அலையைப் பிடிப்பது பெட்டிக்குள்ளே படுத்திருக்கும் செப்புக்கம்பி சுற்றிய ஃபெரைட் (காந்தத்தன்மையுள்ள கறுப்புப் பொருள்) கோல். அதற்குத் திசை உண்டு. கோலின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால் ஒலி கூடும், முனை பார்த்தால் விழுந்துவிடும். பெரும்பாலான பெட்டிகளில் கோல் நீளவாக்கில் கிடப்பதால், பெட்டியின் முகத்தை நிலையம் இருக்கும் பக்கம் திருப்பினால் சரி. கொழும்பிலிருந்து சென்னை ஏறக்குறைய நேர் வடக்கு, தூத்துக்குடி வடமேற்கு. 720 இல் சென்னையை வைத்துக்கொண்டு பெட்டியை மெல்ல மெல்லத் திருப்பிப் பாருங்கள், கால் வட்டத்துக்குள் குரல் தேய்ந்து கரைவது கேட்கும்.

இந்தத் தேய்வு வேண்டாத நிலையத்தை அடக்கவும் உதவும். புத்தளத்திலிருந்து 882 இல் வரும் 400 கிலோவாட் ஒலிபரப்பு, பக்கத்திலுள்ள 873, 891 இரண்டிலும் சிதறும். கோலின் முனையை வடக்கே காட்டினால் அது தணிந்து, கிழக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ வரும் மெல்லிய குரலுக்கு இடம் கிடைக்கும். வானத்தில் தெறித்து வரும் அலை மேலிருந்து இறங்குவதால் இரவில் முழுதாக அடங்காது. ஆனாலும் நல்ல வித்தியாசம் தெரியும்.

கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த டிஜிட்டல் பெட்டி உங்களிடம் இருந்தால், அது 10 கிலோஹெர்ட்ஸ் படியில் ஓடுகிறதா என்று பாருங்கள். அங்கே அதுதான் முறை, நமக்கு 9. 720 இரண்டு படியிலும் நிற்கும் என்பதால் சென்னை சரியாகக் கேட்கும், சந்தேகமே வராது. ஆனால் தூத்துக்குடியின் 1053 சரியாகக் கிடைக்காது, பெட்டி 1050 இலிருந்து 1060 க்குத் தாவிவிடும்.

நேரத்துக்கு வருவோம். பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனப் படை (மின்னேற்றம் பெற்ற காற்றுப் படை) மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்தப் படை கலைந்துபோக, அலை அதற்கும் மேலே போய்த் தெறித்துத் தொலைவில் இறங்குகிறது. (தூத்துக்குடி மட்டும் விதிவிலக்கு. 300 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம், இடையில் உப்புக் கடல். கரையோரத்தில் நின்றால் பகலிலும் எட்டிப் பார்க்கும்.) இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் கேட்டுவிட்டுப் படுப்பவர்கள், நெரிசலான நேரத்தை மட்டும்தான் கேட்கிறார்கள். பல நிலையங்கள் நள்ளிரவுக்கு முன் ஓய்ந்த பிறகுதான் அவற்றின் அடியில் கிடந்தவை மேலே வரும். எனக்கு மிகவும் பிடித்தது விடியப்புறம் ஐந்து மணி. நமக்குக் கிழக்கே வெளிச்சம் வந்து அந்தப் பக்கம் மங்கத் தொடங்கும். துபாயில் அப்போது இரவு மூன்றரை மணிதான். மேற்கே பாதை முழுவதும் இருட்டு என்பதால் அரபுக் குரல்கள் வெளிச்சம் வரும்வரை நிற்கும்.

குரல் மங்கியதும் அலைவரிசையை மாற்றிவிடாதீர்கள். வெவ்வேறு வழியாக வரும் அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் ஆடுவதால் ஏற்ற இறக்கம் இருக்கும். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தால் திரும்ப வரும்.

நீளமான வயரைக் கட்டி இழுத்தால் தொலைவு கூடும் என்று நினைப்பவர்கள் அதிகம். தொடர்மாடியில் அந்த வயர் முதலில் இழுத்து வருவது வீட்டு இரைச்சலைத்தான். திருப்பக்கூடிய வளைய ஏரியல் ஒன்றைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பது மேல். வெளியே வயர் கட்டித்தான் ஆகவேண்டும் என்றால், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் வானம் கறுக்கும் முன்பே கழற்றி வையுங்கள். இடி விழும்போது அதைத் தொடப் போகாதீர்கள்.

தமிழ் கேட்டதும், கேட்ட நிலையங்களைப் பதியும் குறிப்பேட்டில் "சென்னை" என்று எழுதிவிடுவதும் பிழை. ஒரே செய்தியறிக்கையைத் தமிழ்நாட்டின் பல நிலையங்கள் ஒரே நேரத்தில் அஞ்சல் செய்யும். செய்தி முடிந்து நிலையத்தின் பெயர் சொல்லும்வரை காத்திருங்கள். உள்ளூர் விளம்பரமும், சொல்லப்படும் ஊர்ப் பெயர்களும் துப்புக் கொடுக்கும்.

குறிப்பேட்டில் உலகப் பொது நேரத்தை (யூ.டி.சி.) எழுதுபவர்கள் இலங்கை நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலத்தைக் கழிக்கிறார்கள், திகதியை மறந்துவிடுகிறார்கள். 5 ஆம் திகதி அதிகாலை 3 மணிக்குக் கேட்டது, பொது நேரத்தில் 4 ஆம் திகதி 21:30. பழைய குறிப்பேடுகளைப் பிரதி எடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். 1996 மே மாதம் இலங்கையின் கடிகாரம் பொது நேரத்துக்கு ஆறரை மணித்தியாலம் முன்னே போனது, அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறுக்கு வந்தது, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டுப் பக்கங்களில் ஐந்தரையைக் கழித்தால் ஒவ்வொரு வரியும் அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ பிசகும்.