பிக்சல் ஓவியத்தில் கேன்வாஸ், ஸ்பிரைட் அளவுகளைத் தீர்மானிப்பது எப்படி?

பிக்சல் ஓவியத்துக்கான எந்த மென்பொருளைத் திறந்தாலும், புதிய கோப்பைத் தொடங்கும்போது அகலமும் உயரமும் எவ்வளவு என்று அது முதலில் கேட்கும். மற்ற டிஜிட்டல் ஓவியங்களில் பெரியதோர் எண்ணைக் கொடுத்துவிட்டு வரையத் தொடங்கலாம். தேவைப்பட்டால் பிறகு சுருக்கிக்கொள்ளலாம். பிக்சல் ஓவியத்தில் ஒவ்வொரு பிக்சலும் கையால் வைக்கப்படுகிறது, வைத்தபடியே பார்ப்பவர் கண்ணுக்கும் தெரிகிறது. ஆகவே அந்த இரண்டு எண்களைத் தட்டச்சு செய்யும்போதே, முகத்தில் வாய் இருக்குமா, கண் அசையுமா, ஒரு நடை அனிமேஷனுக்கு எவ்வளவு உழைப்பு ஆகும் என்பவற்றில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பெரிய கேன்வாஸையே விரும்புகிறார்கள். இடம் அதிகமிருந்தால் படம் நன்றாக வரும் என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் பக்கத்தின் அளவு இரு மடங்கானால் நிரப்ப வேண்டிய கட்டங்கள் நான்கு மடங்காகின்றன: 16×16 கேன்வாஸில் 256 பிக்சல்கள், 32×32-இல் 1,024, 64×64-இல் 4,096, 128×128-இல் 16,384. உழைப்பு கூடுவது ஒருபுறமிருக்க, இதைவிட முக்கியமான இழப்பு ஒன்று உண்டு. 128×128 கேன்வாஸில் ஒரு பிக்சலை நகர்த்தினால் படத்தில் பெரும்பாலும் எந்த மாற்றமும் தெரிவதில்லை. அதனால் எந்தப் பிக்சல் எதற்காக அங்கே இருக்கிறது என்று யோசிக்கும் பழக்கமே உருவாவதில்லை. 16×16 கேன்வாஸில் புருவமாக நிற்கும் ஒரு பிக்சலை ஒரு கட்டம் கீழே இறக்கிப் பாருங்கள்; சாதாரணமாக இருந்த முகம் கோபமாகிவிடும். கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

எனவே சாவி, குப்பி, வாள், பழம் போன்ற தனிப் பொருள்களை 16×16-இல் தொடங்குங்கள். முழு உருவமுள்ள கதாபாத்திரம் வரையும் ஆசை வந்ததும் 32×32-க்குச் செல்லுங்கள். கோடுகள் பிசிறில்லாமல் வரவும், குறைந்த நிறங்களில் ஒளியையும் நிழலையும் காட்டவும் கை பழகிய பிறகு 64×64-ஐத் தொடலாம். சிறிய அளவு பயிற்சிக்கு மட்டுமே உரியது என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. 1984-இல் வெளிவந்த மேக்கின்டாஷ் கணினிக்காக சூசன் கேர் வடிவமைத்த சின்னங்கள் 32×32 கட்டங்களுக்குள், கறுப்பு வெள்ளையில் மட்டுமே வரையப்பட்டவை. மைன்கிராஃப்ட் விளையாட்டின் கட்டைகளுக்கு இன்றும் 16×16 படங்களே இயல்பான அளவு.

கேன்வாஸ் வேறு, ஸ்பிரைட் வேறு

இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் பல குழப்பங்கள் வருகின்றன. கேன்வாஸ் என்பது கோப்பின் முழுப் பரப்பு. ஸ்பிரைட் என்று இங்கே நான் குறிப்பது அதற்குள் வரையப்பட்ட உருவத்தை. 32×32 கேன்வாஸில் நிற்கும் ஒரு கதாபாத்திரம் 18 பிக்சல் அகலமும் 28 பிக்சல் உயரமும் மட்டுமே கொண்டிருக்கலாம். மீதி இடம் வீணில்லை; குதிக்கும்போது முடி மேலெழவும், கை நீளவும், அவுட்லைன் விளிம்பில் வெட்டுப்படாமல் இருக்கவும் அந்த இடம் வேண்டும். கேன்வாஸின் நான்கு ஓரங்களையும் தொடும்படி உருவத்தை வரைந்துவிட்டு, பிறகு அதன் கையில் வாளைக் கொடுக்க முயன்றால் வாளுக்கு இடமிருக்காது.

அனிமேஷன் செய்யும் எண்ணமிருந்தால், அந்தக் கதாபாத்திரம் எடுக்கப்போகும் நிலைகளில் மிக அகலமானது எது, மிக உயரமானது எது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் வாள் வீச்சின் நடுப்பகுதியோ, கைகால்களை விரித்துத் தாவும் நிலையோ அதுவாக இருக்கும். அந்த நிலையைத் தோராயமாக வரைந்து, அது அடங்கும் கேன்வாஸை எல்லா ஃப்ரேம்களுக்கும் (அசைவின் ஒவ்வொரு தனிப் படத்துக்கும்) பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். 32 பிக்சல் உயரமுள்ள வீரனுக்கு 48×48 அல்லது 64×48 கேன்வாஸ் தேவைப்படுவது இயல்பே. பாதம் நிற்கும் வரிசை எல்லா ஃப்ரேம்களிலும் ஒன்றாகவே இருக்கட்டும். நிற்கும் நிலைக்கு ஒரு கேன்வாஸ், தாக்கும் நிலைக்கு வேறொன்று என்று வைத்தால், நிலை மாறும் ஒவ்வொரு முறையும் கதாபாத்திரம் சற்றே இடம் பெயர்ந்து துள்ளும். அதைச் சரிசெய்ய ஒவ்வொரு படத்துக்கும் நங்கூரப் புள்ளியை, அதாவது படத்தை எந்த இடத்தில் பொருத்துவது என்று காட்டும் புள்ளியை, தனித்தனியாகக் குறிக்க வேண்டியிருக்கும்.

தெரிய வேண்டியவற்றுள் மிகச் சிறியது எது?

ஸ்பிரைட்டின் அளவை நிர்ணயிக்க நான் பரிந்துரைக்கும் வழி இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. உருவம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று யோசிப்பதற்கு முன், பார்ப்பவருக்குக் கட்டாயம் தெரிந்தாக வேண்டிய மிகச் சிறிய பகுதி எது என்று கேளுங்கள். அதற்கு எத்தனை பிக்சல் வேண்டும் என்று எண்ணி, அங்கிருந்து வெளிநோக்கிக் கணக்கிடுங்கள்.

எடுத்துக்காட்டாக, நேராக நம்மைப் பார்த்து நிற்கும் ஒரு சிறுமியின் கண்கள் இடமும் வலமும் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கண்ணுக்கு வெண்மைக்கு ஒன்று, கருவிழிக்கு ஒன்று என அகலத்தில் இரண்டு பிக்சல்களாவது வேண்டும். அவற்றை இடம் மாற்றினால் பார்வை திரும்பும். இரண்டு கண்களுக்கு 4, நடுவில் இடைவெளி 2, வெளிப்பக்கம் கன்னத்துக்கு ஒவ்வொன்றாக 2, அதைத் தாண்டி முடிக்கு 2, அவுட்லைனுக்கு 2 என்று கூட்டினால் தலையின் அகலம் 12 பிக்சல். தலையின் உயரமும் ஏறத்தாழ அதே 12. உடலின் மொத்த உயரம் தலையைப்போல் இரண்டரை மடங்கு என்று கொண்டால் 30 பிக்சல் வருகிறது. ஆக, இந்தச் சிறுமி 32×32 கேன்வாஸில் அடங்குவாள், 16×16-இல் அடங்கமாட்டாள்.

அதே சிறுமியை 16 பிக்சல் உயரத்தில் வரைந்தே ஆக வேண்டும் என்றால், அதே விகிதத்தில் தலைக்கு 6 பிக்சல்தான் கிடைக்கும். அவுட்லைன் இரண்டைக் கழித்தால் மீதி 4: கண் ஒன்று, இடைவெளி இரண்டு, கண் ஒன்று. கன்னத்துக்கு இடமில்லை, பார்வை திரும்பாது, வாயைப் பெரும்பாலும் விட்டுவிட வேண்டும். அப்போது செய்யக்கூடியது, தலையை 8 அல்லது 9 பிக்சலுக்குப் பெரிதாக்கி, உடலைச் சுருக்கி, உருவத்தைக் குள்ளமாக்குவது. பழைய விளையாட்டுகளில் பெரிய தலையும் சிறிய உடலுமாக உருவங்கள் நிறைந்திருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். முகபாவம் தெரிய வேண்டும் என்றால் தலைக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும்.

அகலம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே தீர்மானித்துவிடுவது நல்லது. மூக்கோ, சட்டையின் பொத்தான் வரிசையோ ஒரே பிக்சல் அகலத்தில் நட்டநடுவே வர வேண்டுமென்றால் உருவத்தின் அகலம் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். 12 அகலத் தலையில் நடுப் பிக்சல் என்று ஒன்று கிடையாது. ஆனால் 15 பிக்சல் அகல உருவத்தை 16 பிக்சல் கேன்வாஸில் வைத்தால் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு வரிசை காலியாக இருக்கும். விளையாட்டில் அந்த உருவத்தை இடவலமாகத் திருப்பும்போது அது ஒரு பிக்சல் நகர்ந்து நிற்கும். சின்ன விஷயம்தான், ஆனால் காரணம் தெரியாவிட்டால் நெடுநேரம் தேட வைக்கும்.

விளையாட்டுக்காக என்றால் திரையிலிருந்து தொடங்குங்கள்

தனிப் படமாக வரைவதற்கு மேலே சொன்னது போதும். விளையாட்டுக்காக வரைபவர்களுக்குத் திரையின் அளவே அடிப்படை. குறைந்த அளவில் வரையப்பட்ட முழுக்காட்சியும் பின்னர் திரை அளவுக்குப் பெரிதாக்கப்படும். அந்த மடங்கு முழு எண்ணாக இருக்க வேண்டும். இரண்டரை மடங்கு என்று அமைந்தால் சில பிக்சல்கள் இரண்டு புள்ளி அகலமாகவும் சில மூன்று புள்ளி அகலமாகவும் தெரியும். காட்சி நகரும்போது கோடுகள் நெளியும்.

320×180 என்ற அளவு 1280×720 திரையில் 4 மடங்காகவும், 1920×1080-இல் 6 மடங்காகவும், 2560×1440-இல் 8 மடங்காகவும், 3840×2160-இல் 12 மடங்காகவும் சரியாகப் பொருந்துகிறது. 640×360 அதே திரைகளில் முறையே 2, 3, 4, 6 மடங்கு. 480×270 அளவு 1080-க்கு 4 மடங்காகப் பொருந்தினாலும் 720-க்கும் 1440-க்கும் பொருந்தாது. ஆகவே முதல் விளையாட்டுக்கு 320×180-ஐயே பரிந்துரைப்பேன். காட்சியில் ஒரே நேரத்தில் நிறையப் பொருள்கள் தெரிய வேண்டியிருந்தால் 640×360.

ஸ்பிரைட் பெரிதா சிறிதா என்பது இந்தத் திரையோடு ஒப்பிட்டால்தான் புரியும். 32 பிக்சல் உயரக் கதாபாத்திரம் 180 பிக்சல் உயரத் திரையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். எதிரில் வரும் ஆபத்தைப் பார்க்க இடம் குறையும், ஆனால் முகமும் உடையும் நன்றாகத் தெரியும். அதுவே 360 உயரத் திரையில் பதினொன்றில் ஒரு பங்குதான்.

தரையும் சுவரும் டைல்களால், அதாவது அடுத்தடுத்து அடுக்கப்படும் ஒரே அளவுள்ள சதுரப் படத்துண்டுகளால், அமைவதால் டைல் அளவைக் கதாபாத்திரத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். 320×180 திரைக்கு 16×16 டைல் பொருத்தமானது: அகலத்தில் 20 டைல்கள், உயரத்தில் 11 டைல்களும் கூடுதலாக 4 பிக்சல்களும் வரும். அந்த 4 பிக்சலைக் கண்டு கலங்க வேண்டாம். காட்சி நகரும் விளையாட்டில் அது தெரியவே தெரியாது. டைல் 16 என்றால் கதாபாத்திரம் 16×24 அல்லது 16×32 ஆக இருக்கலாம். கதவு அவனைவிட உயரமாகவும், அவன் தாண்ட வேண்டிய பள்ளம் டைல் கணக்கிலும் அமைய வேண்டும்.

8, 16, 32 என்ற எண்களே திரும்பத் திரும்ப வருவதற்குப் பழைய விளையாட்டுக் கருவிகள் காரணம். நின்டெண்டோவின் என்.இ.எஸ். கருவி 256×240 திரையை 8×8 துண்டுகளாகவே கையாண்டது. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் சிறிய மாரியோ அத்தகைய நான்கு துண்டுகள் சேர்ந்த 16×16 உருவம். 160×144 திரை கொண்ட கேம் பாயும் 8×8 துண்டுகளையே பயன்படுத்தியது. இன்றைய கணினிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டைல்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டியிருப்பதால் அவற்றுக்கு 8, 16, 32 வசதியானவை. கதாபாத்திரம் 20×30 ஆக இருந்தால் எந்தக் குறையும் இல்லை.

எந்த அளவை நினைத்திருந்தாலும், விவரங்களை வரையத் தொடங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். திரை அளவிலேயே ஒரு கேன்வாஸைத் திறந்து, தரை, கதவு, கதாபாத்திரம், எதிரி ஆகியவற்றை வெறும் வண்ணச் செவ்வகங்களாக வையுங்கள். பத்து நிமிடத்தில் முடியும் இந்த வேலை, கதாபாத்திரம் அறையை அடைத்துக்கொண்டு நிற்கிறதா, அல்லது தேட வேண்டிய அளவுக்குச் சிறுத்துப்போனதா என்பதைக் காட்டிவிடும்.

அனிமேஷனின் உழைப்பையும் இப்போதே கணக்கிடுங்கள். நடைக்கு 6 ஃப்ரேம்கள், நான்கு திசைகள் என்றால் 24 படங்கள். 16×16-இல் அது 6,144 கட்டங்கள், 64×64-இல் 98,304. மறுபுறம், மிகச் சிறிய உருவத்துக்கும் ஓர் இடையூறு உண்டு: 16 பிக்சல் உயர உருவம் மூச்சு விடுவதைக் காட்டத் தோளை ஒரு பிக்சல் உயர்த்தினால், அது அதன் உயரத்தில் பதினாறில் ஒரு பங்கு, மூச்சு விடுவதற்குப் பதிலாகக் குலுங்குவதுபோல் தோன்றக்கூடும். மென்மையான அசைவு உங்கள் விளையாட்டுக்கு உயிர் என்றால் 32-ஐத் தேர்ந்தெடுக்க அதுவே போதுமான காரணம்.

முடிவு செய்த பின் கவனிக்க வேண்டியவை

ஒரு காட்சியிலுள்ள எல்லாப் பிக்சல்களும் ஒரே அளவில் தெரிய வேண்டும். பெரிய எதிரி வேண்டுமென்றால் அவனைப் பெரிய கேன்வாஸில் வரையுங்கள். 32×32 எதிரியை இரு மடங்காக்கி வைத்தால் அவன் மேல் மட்டும் பிக்சல்கள் தடித்துத் தெரியும், காட்சியின் ஒருமை அங்கேயே குலைந்துவிடும்.

வரைவது எப்போதும் உண்மை அளவில், பெரிதாக்குவது ஏற்றுமதியின்போது மட்டும். 32×32 படத்தை இணையத்தில் அப்படியே பதிவிட்டால் தளமோ உலாவியோ அதை இழுத்து மங்கலாக்கிவிடக்கூடும். ஆகவே 10 மடங்கோ 20 மடங்கோ பெரிதாக்கிக் கொடுங்கள். அப்போது நியரஸ்ட் நெய்பர் என்ற முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; மற்ற முறைகள் நிறங்களைக் கலந்து ஓரங்களைக் கரைத்துவிடும். கோப்பு வகை பி.என்.ஜி. ஆக இருக்கட்டும்; ஜேபெக் விளிம்புகளைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் ஆக்கிவிடும்.

பாதியில் அளவு போதவில்லை என்று தெரிந்தால், எது போதவில்லை என்று முதலில் பாருங்கள். கையோ வாளோ வெளியே போகிறது என்றால் கேன்வாஸை மட்டும் விரித்தால் போதும். ஏஸ்ப்ரைட் மென்பொருளில் இதற்குரிய கட்டளை கேன்வாஸ் சைஸ். ஸ்பிரைட் சைஸ் என்பது படத்தையே நீட்டிச் சுருக்குவது, இரண்டையும் மாற்றிப் பயன்படுத்திவிடாதீர்கள். முகத்தில் விவரம் போதவில்லை என்றால் கேன்வாஸை விரிப்பது உதவாது. பழைய படத்தை இரு மடங்காக்கி அடி லேயரில் மங்கலாக வைத்து, அதன் மேல் புதிய லேயரில் நிழலுருவத்திலிருந்து மறுபடி வரையுங்கள்; பெரிதான படத்தின் படிக்கட்டு ஓரங்களை அங்கங்கே செதுக்கிச் சரிசெய்வதைவிட இது விரைவாகவே முடியும்.