டி3 எங்கேருந்து வருது? தைராய்டு ரிப்போர்ட்டைத் தப்பாகப் படிக்காமலிருக்க

என் பெரியம்மாவுக்குத் தைராய்டு சுரப்பியே கிடையாது. கழுத்துக் கட்டிக்காக முழுசாக எடுத்துவிட்டார்கள். தினமும் காலையில் 100 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரை, அதாவது டி4 என்ற தைராய்டு ஹார்மோன். போன மாதம் லேப் ரிப்போர்ட்டை மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏம்ப்பா, நான் முழுங்குறது டி4. சுரப்பியும் இல்ல. அப்புறம் இந்த டி3 எங்கேருந்து வந்துச்சு?"

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்தான் பல தவறுகள் ஆரம்பிக்கின்றன.

எல்லாம் கழுத்திலிருந்தே வருகிறது என்று நினைக்காதீர்கள். சுரப்பி வெளிவிடுவது பெரும்பாலும் டி4. அதில் நான்கு அயோடின் அணுக்கள். செல்லுக்குள் உண்மையாக வேலை பார்ப்பது டி3. நான்கில் ஒன்றைக் கழற்றினால்தான் அது கிடைக்கும். கழற்றுபவை டிஅயோடினேஸ் என்ற நொதிகள். கல்லீரல், சிறுநீரகம், தசை, மூளை என்று பல இடங்களில் இருக்கின்றன. ரத்தத்தில் ஓடும் டி3-யில் சுமார் 80 சதவீதம் இப்படிச் சுரப்பிக்கு வெளியே உருவானதுதான். தைராய்டு இயங்காதவர்களுக்கு டி4 மட்டும் கொடுத்து, ரத்தத்தில் டி3 தோன்றுவதை 1970-இல் பிரேவர்மேன், இங்பார், ஸ்டெர்லிங் மூவரும் காட்டினார்கள். பெரியம்மா தினமும் காலையில் அதே சோதனையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

எந்த அயோடின் கழலுகிறது என்பதும் முக்கியம். டி4 மூலக்கூறின் வெளி வளையத்தில் கழன்றால் டி3. உள் வளையத்தில் கழன்றால் ரிவர்ஸ் டி3, அதாவது வேலைக்கு ஆகாத சரக்கு. பட்டினி, கடும் நோய், பெரிய ஆபரேஷன் என்றால் உடம்பு இரண்டாவது பக்கம் சாய்ந்துவிடும், டி3 இறங்கும். ஐசியுவில் படுத்திருக்கும்போது எடுத்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு "இவருக்குத் தைராய்டு" என்று முத்திரை குத்துவது பெரும்பாலும் அவசரம். வேறு வலுவான அறிகுறி இல்லையென்றால், ஆள் தேறிய பிறகு திரும்பப் பார்க்க வேண்டும். பட்டினி டயட்டில் எடை இறங்காமல் நின்றதும் டி3 மாத்திரையைத் தேடுகிறவர்களும் உண்டு. உடம்பு போட்ட பிரேக்கை மருந்தால் பிய்ப்பது போல அது. படபடப்பும் எலும்புத் தேய்மானமும் வரலாம்.

அந்த நொதிகளுக்குச் செலினியம் தேவை. அதற்காகச் செலினியம் மாத்திரையை அள்ளிப் போடவேண்டாம். அளவு மீறினால் முடி கொட்டும். முடி கொட்டுகிறதே என்றுதான் பலர் அதை வாங்கவே செய்கிறார்கள்!

ஹார்மோன் ஏறியிருந்தாலே சுரப்பிதான் குற்றவாளி என்று முடிவு கட்டுவதும் தவறு. 1984-85இல் அமெரிக்காவின் மினசோட்டா வட்டாரத்தில் நிறையப் பேருக்குக் கை நடுக்கம், எடைக் குறைவு, படபடப்பு. மாட்டின் கழுத்து இறைச்சியோடு அதன் தைராய்டும் சேர்ந்து அரைபட்டு ஹாம்பர்கரில் போயிருந்தது! அரிதாக, சினைப்பைக் கட்டி ஒன்றிலும் தைராய்டு திசு வளர்ந்து ஹார்மோன் சுரக்கும். இந்த இடங்களில் கழுத்துச் சுரப்பி பாவம், சும்மா இருக்கும். அயோடின் ஸ்கேன் எடுத்தால் கழுத்தில் வெளிச்சம் மங்கலாகத் தெரியும்.

கடைசியாக, "டி3 நார்மல்தானே" என்று ஆறுதல் அடைவது. டி4 குறையக் குறைய, இருப்பதைக் கொண்டு டி3-யை விடாமல் தாங்கிப் பிடிக்க உடம்பு பார்க்கும். அதனால் டி3 கடைசியில்தான் சரியும். அதற்கு முன்பே டிஎஸ்எச், அதாவது தைராய்டைத் தூண்ட மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன், ஏறிவிடும். பெரியம்மாவின் ரிப்போர்ட்டிலும் டி3 சரியாக இருந்தது. டிஎஸ்எச் மட்டும் 9.2. விசாரித்தால், ஆபரேஷனுக்குப் பிறகு எழுதிக்கொடுத்த கால்சியம் மாத்திரையையும் தைராக்சினையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கிக்கொண்டிருக்கிறார். கால்சியம் குடலிலேயே தைராக்சினைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் வேண்டும். இப்போது கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றியிருக்கிறோம். டி4 பாதியாகக் குறையவே 7 நாள் ஆகும் என்பதால், அடுத்த டெஸ்ட் 6 வாரம் கழித்துத்தான்.