வெள்ளரியில் அடிச்சாம்பல் நோய்: காலையிலேயே இலையைத் திருப்பிப் பாருங்கள்

வெள்ளரி, பீர்க்கன், பாகல் இலைகளின் மேல்புறம், நரம்புகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக மஞ்சள் புள்ளி தெரிந்தால், பனி உலர்வதற்குள் இலையைத் திருப்பிப் பாருங்கள். அதே இடத்தில் சாம்பலும் ஊதாவும் கலந்த பூஞ்சணம் படிந்திருந்தால் அடிச்சாம்பல் நோய்தான். மேல்புறத்தில் விரலில் ஒட்டும் வெள்ளை மாவு என்றால் அது சாம்பல் நோய், மருந்தே வேறு.

இலை ஈரம்தான் இதை வளர்க்கிறது. மாலையில் தண்ணீர் தெளித்தால் இரவு முழுக்க இலை நனைந்தே கிடக்கும். காலையில், வேருக்கு மட்டும் பாய்ச்சுங்கள். கொடியைப் பந்தலில் ஏற்றுங்கள்.

முதல் புள்ளி கண்டதும் நோயுற்ற அடியிலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கலந்து அடிப்புறம் நன்றாக நனையத் தெளியுங்கள்; 10 நாள் கழித்து இன்னொரு முறை. மேலாகத் தெளித்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்பவர்கள்தான் அதிகம். பறிப்புக்கு முன் எத்தனை நாள் விட வேண்டும் என்பது பாக்கெட்டிலேயே இருக்கும். கந்தகத் தூள் மட்டும் வேண்டாம், இலை கருகிவிடும்.