தாத்தா பெயரிலேயே நிற்கும் வீட்டுக்குப் பத்திரம் போட

கும்பகோணத்தில் எங்கள் வீட்டின் பின்கட்டு ஓடு 2021 மழையில் சரிந்தது. அதைப் பிரித்துக் கான்கிரீட் போடக் கடன் கேட்டுப் போனோம். வங்கியின் வக்கீல் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "வீடு யார் பெயர்ல இருக்கு?" என்றார். தாத்தா பெயரில். தாத்தா இறந்தது 1984இல். அதன்பின் அந்த வீட்டில் எத்தனையோ கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் நடந்துவிட்டன; காகிதம் மட்டும் அப்படியே கிடந்தது. அதைச் சரிசெய்ய எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். நான் சொல்வது இந்து வாரிசுரிமைச் சட்டப்படியான கணக்கு. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேறு.

முதலில் மூலப்பத்திரத்தைத் தேடுங்கள். எங்களுடையது பாட்டியின் தகரப் பெட்டியில், மஞ்சள் பைக்குள் இருந்தது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் மை உதிர்ந்து போயிருந்தது. தாத்தா சொந்தமாக வாங்கியதா, அவருக்கு முன்னோர் வழியாக வந்ததா என்று அதில் பாருங்கள். பாதிச் சண்டை இங்கேதான் பிறக்கிறது. "தாத்தா சொத்து பேரனுக்கு" என்று ஊரில் சொல்வார்கள். தாத்தா தானே சம்பாதித்து வாங்கி, 1956க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால், அது அவருடைய மனைவிக்கும் மகன் மகள்களுக்கும், அவருடைய தாய் உயிரோடு இருந்தால் அந்தத் தாய்க்கும் சமமாகப் போகும். அப்பா உயிரோடு இருக்கும்போது பேரனோ பேத்தியோ அதில் பங்கு கேட்க முடியாது. பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு வேறு. அதில் மகள்களுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று 2005 திருத்தம் சொல்கிறது. 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

அப்புறம் பத்திரத்தில் நான்கு எல்லையையும் சொல்லும் சக்குபந்தியை வாசித்து, டேப் பிடித்து அளந்து பாருங்கள். எங்கள் பத்திரத்தில் கிழமேல் 22 அடி, தென்வடல் 118 அடி. கிணற்றில் பக்கத்து வீட்டுக்குச் சரிபாதி பாத்தியம் உண்டு என்று அதில் எழுதியிருந்தது. அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது! வீட்டின் மேல் அடமானமோ விற்பனையோ பதிவாகியிருக்கிறதா என்று பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும்.

இப்போது பங்கைக் கணக்கிட வேண்டும். எங்களுடையது தாத்தா தானே வாங்கியது, உயிலும் இல்லை. தாத்தா இறந்தபோது பாட்டி, அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைகள் என்று ஐந்து பேர், ஐந்து சம பங்கு. 1998இல் பாட்டியும் உயில் இல்லாமல் போனார். அவர் பங்கு நான்கு பிள்ளைகளுக்கும் பிரிய, ஆளுக்குக் கால் பங்கு ஆனது. பெரியத்தை 2008இல் இறந்தார். அவருடைய கால் பங்கு, மாமாவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும். அப்பா 2019இல் இறந்தார். அவருடைய கால், அம்மா, நான், தம்பி மூவருக்கும். ஊஞ்சல் பலகையில் பன்னிரண்டு புளியங்கொட்டையை வைத்துத்தான் சித்தப்பாவுக்கு இதைக் காட்டினேன். அவருக்கு மூன்று, சின்னத்தைக்கு மூன்று, மற்ற ஆறு பேருக்கும் ஒவ்வொன்று. எட்டுக் கையெழுத்து. அதில் ஒன்று குறைந்தாலும் வீட்டை முழுசாகப் பத்திரம் போட முடியாது.

சித்தப்பா கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "பொண்ணுங்களுக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பியாச்சேம்மா" என்றார். 1999இல் அப்பாவும் அவரும் மட்டும் இருபது ரூபாய் முத்திரைத்தாளில், பதிவு செய்யாமல், வீட்டைப் பிரித்து ஒரு கூர்ச்சீட்டு எழுதியிருந்தார்கள். அக்கா தங்கையிடம் கேட்கவே இல்லை. சீர் செய்ததால் மகளின் பங்கு போய்விடாது. கையெழுத்துப் போடாத பங்குதாரரை அந்தச் சீட்டு கட்டுப்படுத்தாது. சொத்தைப் பிரிக்கும் பத்திரமாகவே எழுதினால், பதிவு செய்யாமல் அது செல்லவும் செல்லாது. ஆண்கள் பிரித்துக்கொள்ளும்வரை குடியிருக்கும் வீட்டில் பெண்கள் பாகம் கேட்கக் கூடாது என்று முன்பு சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. சித்தப்பா மனதில் இருந்தது அது. அதை 2005இலேயே எடுத்துவிட்டார்கள்.

சின்னத்தை கணவரை இழந்து பின்கட்டில்தான் இருக்கிறார். "எனக்கு ஒண்ணும் வேணாம் கண்ணு, படுக்க ஒரு இடம் போதும்" என்றார். இப்படிச் சொல்லும் அத்தையிடம் அன்றைக்கே, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடாதீர்கள். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பையும் சந்தை விலையையும் பார்த்து, அவர் பங்கு எத்தனை லட்சம் என்று ரூபாயில் எழுதிக் கையில் கொடுங்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கேளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். ஒரு வாரம் கழித்து அத்தை, "பின்கட்டை என் பேர்லயே எழுதிடுங்க" என்றார்.

பெரியத்தை குடும்பம் பணம் வாங்கிக்கொண்டு விடுதலை எழுதியது. அவர் மகன் சிங்கப்பூரில் இருப்பதால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, தனக்காக இங்கே ஒருவர் கையெழுத்துப் போட பவர் பத்திரம் அனுப்பினான். அப்படி வரும் பவருக்கு, வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். மீதி இருந்தவர்கள் பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டோம்: முன்கட்டு எங்களுக்கு, நடுக்கட்டு சித்தப்பாவுக்கு, பின்கட்டு அத்தைக்கு. குடும்பத்துக்குள் எழுதும்போது முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு. கிரயத்துக்கு ஆவதைவிடச் செலவு மிகவும் குறைவு.

பத்திரத்தில் பொதுவானவற்றுக்குத்தான் அதிக வரிகள் எழுதுங்கள். அறைகளைப் பிரிப்பது சுலபம். வழக்கு வருவது நடையாலும் கிணற்றாலும்தான். எங்கள் பத்திரத்தில் வாசலிலிருந்து பின்கட்டுவரை நான்கடி அகல நடை மூவருக்கும் பொது, யாரும் கதவு போடவோ வண்டி நிறுத்தவோ கூடாது என்று இருக்கிறது. மோட்டாருக்குத் தனி மீட்டர், பில்லில் மூன்றில் ஒன்று. செப்டிக் டேங்க் இருப்பது அத்தை பாகத்தில். சுத்தம் செய்ய ஆள் வந்தால் வழிவிட வேண்டும், செலவு மூவருக்கும். இதையெல்லாம் வரைபடத்தில் அளவோடு குறித்து, அதிலும் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

அம்மா தன் பங்கை அப்போதே தம்பிக்கு எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று நான் தடுத்தேன். தம்பி நல்லவன்தான். ஆனாலும் அம்மா இருக்கும்வரை அது அம்மாவிடமே இருக்கட்டும். உயில் போதும், இரண்டு சாட்சி வேண்டும், பங்கு பெறுகிறவர் சாட்சி போட வேண்டாம். உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். இப்போதே தான செட்டில்மெண்ட் எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். அப்படிச் சேர்த்திருந்து, பிள்ளை கைவிட்டால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

பதிவு முடிந்ததும் பட்டா, வீட்டு வரி, குடிநீர், மின் இணைப்பு எல்லாவற்றையும் பெயர் மாற்றுங்கள். ஒரு மாதம் கழித்து வில்லங்கம் திரும்பப் போட்டு, சர்வே எண்ணை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். எங்களுடையதில் ஒரு இலக்கம் தப்பி, எல்லோரும் மறுபடி போய்ப் பிழைதிருத்தல் பத்திரம் எழுத வேண்டி வந்தது.