மதில் ஓவியம் உரிவது எதனால்?

மதிலில் வரைந்த படம் முதல் மாரியிலேயே செதில் செதிலாகக் கழன்றால், பழி பெயின்றுக்குத்தான் போகும். பிழை அநேகமாகச் சுவருக்குள்ளே இருக்கும்.

யாழ்ப்பாணத்துப் பழைய மதில்கள் சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கரையோரத்தில் உவர்த் தண்ணீரில் சாந்து குழைத்திருந்தால் உப்பும் உள்ளேயே குடியிருக்கும். நிலத்து ஈரம் மேலேறி முகப்பில் காயும்போது, கரைந்திருந்த உப்பு திரண்டு பெயின்றைப் பின்னாலிருந்து தள்ளும். வெள்ளையாகப் பூத்துத் தெரிவது அதுதான். அதைத் தண்ணீர் அடித்துக் கழுவினால் உப்புக் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். காய்ந்தபடியே கம்பி பிறஷ்ஷால் தேய்த்து, விழுந்த தூளை அள்ளி அப்புறப்படுத்துங்கள். மதிலோடு ஒட்டிப் பூச்சாடியோ வாழைப் பாத்தியோ இருந்தால் முதலில் அதை நகர்த்த வேண்டும்.

ஈரம் பார்க்கக் கருவி தேவையில்லை. ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் ரேப்பால் இறுக்கி ஒட்டி, குறைந்தது 16 மணித்தியாலம் விடுங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் மதில் இன்னும் ஆயத்தமில்லை. 2019 கடைசியில் நாடெங்கும் மதில் ஓவிய அலை எழுந்தபோது இங்கே மாரிகாலம். ஆர்வத்துக்குக் குறைவில்லை, பருவந்தான் பிழை. ஐப்பசி முதல் மார்கழி வரை தூரிகையைக் கழுவி வைத்துவிடலாம்.

வெள்ளையடித்த மதிலை உள்ளங்கையால் தேயுங்கள். கையில் மா ஒட்டினால் அந்தச் சுண்ணாம்பைச் சுரண்டாமல் மேலே பூசுவதெல்லாம் வீண். படம் தூளில்தான் ஒட்டியிருக்கும்.

புதுச் சீமெந்துப் பூச்சென்றால் 28 நாள் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு எனாமல் அடித்தால் சீமெந்தின் காரம் அதிலுள்ள எண்ணெயைச் சவர்க்காரமாக்கும். மேற்பரப்பு பிசுபிசுத்து உரியும். காரம் தாங்கும் பிறைமரும் (அடிப்பூச்சு) அதன் மேல் தண்ணீரில் கலக்கும் வெளிச்சுவர் எமல்ஷனுமே பொருத்தம்.

சிக்கனம் பார்த்து வெள்ளை எமல்ஷனில் ஸ்ரெயினரை (நிறமேற்றும் செறிந்த சாயம்) அள்ளி ஊற்றுவது அடுத்த பிழை. லீற்றருக்கு 50 மில்லிலீற்றரைத் தாண்டினால் சரியாக இறுகாது, கை பட்டாலே நிறம் வரும். கடும் நிறம் வேண்டுமானால் கடும் நிறமாகவே வாங்குங்கள். தண்ணீரைக் கூட்டினாலும் பசை மெலிந்து, காய்ந்தபின் மாவாக உதிரும்.

மேற்கு வெயில் படும் மதிலில் மலிவான றோஸ், ஊதா முதலில் வெளிறும். காவியும் மண் மஞ்சளும் இரும்பு ஒட்சைட்டு நிறங்கள் என்பதால் நின்று பிடிக்கும். நிலத்திலிருந்து ஓர் அடி உயரத்துக்கு வெறும் காவிப் பட்டை போதும். மழைச்சேறு தெறிப்பது அங்கேதான். முகங்களை அதற்கு மேலே வையுங்கள்.