பழைய மாருதி 800: கியர் பாக்ஸைத் திறக்கச் சொல்வதற்கு முன் நீங்களே செய்ய வேண்டியவை

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போய்வரும் பழைய கார் என்றால் அதன் கியர் பாக்ஸ் படும் பாடு தனி. புளியரையைத் தாண்டி எஸ் வளைவில் ஒரு பார லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஃபர்ஸ்ட், செகண்ட், மறுபடி ஃபர்ஸ்ட் என்று கோட்டைவாசல் வரைக்கும் கை ஓயாது. கார்த்திகை பிறந்து சபரிமலை வண்டிகளும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

என்னுடையது நாலு கியர் மாருதி 800. ஒருநாள் காலையில் ரிவர்ஸ் விழவில்லை, கறகறவென்று கடித்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கியர் பெட்டியை இறக்க வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவில் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர், “தம்பி, மொதல்ல கேபிளப் பாருங்க, பெட்டியப் பெறகு பாப்போம்” என்றார். கிளட்ச் கேபிளின் நுனியில் பாதி இழைகள் அறுந்திருந்தன. கேபிளை மாற்றியதும் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. அந்த வரிசையில்தான் உங்களுக்கும் சொல்கிறேன்: முதலில் கிளட்ச், அப்புறம் ஆயில், கடைசியில்தான் பெட்டி.

கிளட்சைச் சோதிப்பது

பெடலைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் சும்மா இறங்கும் தூரம்தான் ப்ளே. அது ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை இருக்கலாம். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். ப்ளே அதிகமானால் கிளட்ச் முழுதாக விடுபடாது, கியர் கடிக்கும். ப்ளே இல்லாவிட்டால் கிளட்ச் ஸ்லிப் அடிக்கும், அதாவது முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும். கேபிளின் கியர் பாக்ஸ் பக்க முனையில் உள்ள நட்டைத் திருகி இதைச் சரிசெய்யலாம். கியர் விழும் முன் பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையத்துக்கு சிங்க்ரோ என்று பெயர். பழைய கார்களில் பெரும்பாலும் ரிவர்ஸுக்கு அது கிடையாது. அதனால் கிளட்சை மிதித்து மூன்று விநாடி பொறுத்துப் போடுங்கள். அப்படியும் கடித்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

ஸ்லிப் இருக்கிறதா என்று பார்க்க, ஆளில்லாத சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஃபுட் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, தேர்ட் கியர் போட்டுக் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், பிளேட் சூடாகிவிடும்.

சத்தத்தையும் கேளுங்கள். நியூட்ரலில் ஊளைச் சத்தம் வந்து, கிளட்சை மிதித்ததும் நின்றால், பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்கும் இன்புட் ஷாஃப்ட் (எஞ்சின் சுழற்சியை வாங்கும் தண்டு) பேரிங்தான் தேய்ந்திருக்கும். மிதிக்கும்போது மட்டும் வந்தால், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்தாலே மெக்கானிக்கிடம் வீண் செலவு பாதி குறையும்.

ஆயில் மாற்றுவது

800-இல் முன்சக்கரம் இழுக்கிறது. கியர் பாக்ஸும், இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே ஆயில். அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு அப்படி இல்லை. பின்னால் இருக்கும் டிஃபரன்ஷியலுக்குத் தனியாக ஊற்ற வேண்டும்.

கடையில் “கியர் ஆயில்” என்று மட்டும் கேட்காதீர்கள். கையேட்டில் உள்ள கிரேடைச் சொல்லுங்கள். நான் ஊற்றுவது 80டபிள்யூ-90, ஜிஎல்-4. ஜிஎல்-5 இன்னும் உயர்ந்தது என்று கொடுத்தால் வாங்க வேண்டாம். அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். பித்தளை சிங்க்ரோ வளையங்களை அது அரிக்கக்கூடும், வளையம் பிடிக்காமல் வழுக்கவும் செய்யும். மூன்று லிட்டர் வாங்கினால் குறையாது. கூடவே பிளக்குக்குப் புது வாஷர், ஒரு மீட்டர் ஹோஸ், புனல், வேஸ்ட் துணி.

காரைப் பத்து கி.மீ. ஓட்டிவிட்டு வந்து சமதளத்தில் நிறுத்துங்கள். வெதுவெதுப்பான ஆயில்தான் அடியில் தங்கிய தூளோடு சேர்ந்து இறங்கும். அடியில் போக வேண்டுமானால் கார் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பியோ, ஹாலோ பிளாக் கல்லை அடுக்கியோ தயவுசெய்து உள்ளே போகாதீர்கள். கல் நொறுங்குவதற்கு முன் எச்சரிக்கை எதுவும் வராது.

இப்போது முக்கியமான இடம். முதலில் கழற்ற வேண்டியது மேலே பக்கவாட்டில் இருக்கும் ஃபில்லர் பிளக். ஆயிலை வடித்துவிட்டு, அப்புறம் ஃபில்லர் பிளக் துருப்பிடித்துக் கழலவில்லை என்றால் காலிப் பெட்டியோடு கார் நின்றுவிடும். அது கழன்ற பிறகே அடியில் உள்ள டிரெயின் பிளக்கைத் தொடுங்கள். தலை மழுங்காமல் சரியாகப் பொருந்தும் டூலைப் போடுங்கள்.

வடிந்த ஆயிலை நன்றாகப் பாருங்கள், விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். கறுத்திருப்பது இயல்பு. மை போன்ற மெல்லிய இரும்புத் தூள் இருந்தால் பயமில்லை. நகத்தால் எடுக்கும் அளவுக்குச் சில்லு இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. அப்போது பெட்டியைத் திறப்பதில் நியாயம் உண்டு. மஞ்சளாக மினுமினுத்தால் சிங்க்ரோ தேய்கிறது. பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெருமழையில் ரோட்டில் ஓடும் வெள்ளத்தில் வண்டியை விட்டவர்களுக்கு இது வரும். சூடான பெட்டி சட்டென்று குளிரும்போது காற்றுத் துளை வழியே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

முழுதாக வடிய அரை மணி நேரம் விடுங்கள். புது வாஷர் போட்டு டிரெயின் பிளக்கை மூடுங்கள். பெட்டி அலுமினியம், அதனால் முழு பலத்தையும் காட்டினால் மரை போய்விடும். பானெட்டைத் திறந்து மேலிருந்து ஹோஸை ஃபில்லர் துளைக்குள் விட்டு, புனல் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். கார் நாலு சக்கரமும் மட்டமாக இருக்கும்போது துளையின் கீழ் விளிம்பிலிருந்து ஆயில் வழிந்தால் போதுமான அளவு. வழிவது நின்றதும் மூடிவிடுங்கள்.

பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். புளியரை வயல்களுக்குப் போகும் தண்ணீர் அது. கேனில் பிடித்து, கழிவு ஆயில் சேர்த்து விற்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

அப்புறம் ஒரு சுற்று ஓட்டி எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். லீவர் தொளதொளவென்று ஆடினால் அது பெட்டிக் கோளாறு அல்ல. கியர் ராடின் புஷ் தேய்ந்திருக்கும், விலை குறைந்த சாமான். மலை இறங்கும்போது பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடாதீர்கள். செகண்டிலேயே இறங்கினால் எஞ்சின் வண்டியைப் பிடிக்கும், பிரேக் காயாது.

ராத்திரி காருக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்துவையுங்கள். காலையில் பிளக்குக்கு நேரே சொட்டு இருந்தால் வாஷரைப் பாருங்கள். ஆக்ஸில் நுழையும் இடத்துக்கு நேரே இருந்தால் அந்தப் பக்கத்து ஆயில் சீலை மாற்ற வேண்டும்.